தத்தெடுத்த மகளுடன் சென்றுவந்த விளையாட்டுவழிச் சிகிச்சை மையம்: ஒரு தாயின் மதிப்பீடு

திருச்சியில் குழந்தைகளுக்கு விளையாட்டின் வழியாக மனநலச் சிகிச்சை அளிக்கும் ஒரு மையத்துக்கு, சென்ற ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி இந்த ஆண்டு மார்ச் வரை என் மகளை அழைத்துச் சென்றுவந்தேன். இடையில் விட்டுப்போன வாரங்களைக் கழித்தால் மொத்தம் 31 அமர்வுகள். மையத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதன் குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பது ஒரு காரணம். பெயரைச் சொன்னால், லால்குடிப் பக்கத்திலிருந்து அங்கே போய்வந்த சிறுமி யார் என்பது எங்களை அறிந்தவர்களுக்கு உடனே விளங்கிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். தன் முன்கதையை யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைப் பிற்காலத்தில் அவளே தீர்மானிக்கட்டும். இப்படியொரு சேவையைத் தேடி அலையும் பெற்றோர் பணத்தையும் காலத்தையும் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதற்கு எங்கள் அனுபவம் உதவும் என்று நம்பியே எழுதுகிறேன்.

என் மகள் எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. பிறந்த வீட்டில் பசியையும் அடியையும் கண்டவள், பிறகு இரண்டு இல்லங்கள் மாறியவள் என்பதற்கு மேல் அவளுடைய கதையை எழுதமாட்டேன். காரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தில் பதிவு, வீட்டு ஆய்வு, சிறப்புத் தத்துவள மையத்தில் சந்திப்பு, இறுதியாக மாவட்ட ஆட்சியரின் ஆணை என்று எல்லாம் முறைப்படி நடந்தன. அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு ஆண்டுகளுக்குத் தொடர் ஆய்வுக்கு வந்தார்கள். எடை கூடியிருக்கிறதா, பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாளா, வீட்டில் நன்றாகப் பழகிவிட்டாளா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஆம் என்று நாங்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் அவளைப் பற்றி எங்களுக்கு விளங்காத சில செய்திகள் இருந்தன, அவற்றைக் கேட்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமும் இல்லை.

அவள் அழமாட்டாள். படிக்கட்டில் உருண்டு விழுந்து நெற்றி புடைத்தாலும் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுப் போய்விடுவாள். ஒரு முறை இரவு முழுவதும் காதுவலியோடு இருந்திருக்கிறாள், காலையில் தலையணையில் சீழ்க்கறையைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அடுத்து, யாரிடமும் தயங்காமல் போய்விடுவாள். திருவரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், அதற்கு முன் பார்த்தே இராத ஒரு பெரியவரின் மடியில் ஏறி உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தாள். பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணியிடம், "நானும் உங்க வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டாள். உறவினர்கள் எல்லோரும், "என்ன சமத்து, வேத்துமுகமே இல்லை பாரு" என்று மெச்சினார்கள், நாங்களும் மகிழ்ந்துபோனோம். மூன்றாவதாக, அவளுடைய அலமாரியின் பின்னாலிருந்து எறும்பு வரிசை ஒன்று கிளம்பியதைப் பிடித்துக்கொண்டே போனபோது, பழைய பென்சில் டப்பாவுக்குள் நோட்டுத்தாளில் சுற்றிய இட்லிகள் கிடைத்தன. பூஞ்சை பிடித்த இரண்டும், முதல் நாள் வைத்த ஒன்றும் அதில் இருந்தன. என் கணவர் அன்று அவளைக் கடிந்துகொண்டார். அவள் அதற்கும் அழவில்லை. அடுத்த வாரம் வேறோர் இடத்தில் ஒளித்தாள்.

குழந்தைகள் நல மருத்துவர் ஒருவரின் சொல்படிதான் இந்த மையத்துக்குப் போனோம். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத்தில் சென்றுவிடலாம். பழைய வீடொன்றின் மாடியில் மூன்று அறைகள். விளையாட்டு அறையில் மணல் நிரப்பிய அகலமான மரத்தட்டு, சொப்புச் சாமான்கள், மருத்துவர் பெட்டி, கையுறைப் பொம்மைகள், களிமண், ஒரு பொம்மை வீடு ஆகியவை இருந்தன. விலையுயர்ந்த பொருள் எதுவும் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு வாரமும் அவையெல்லாம் அதே இடத்தில் அதே வரிசையில் இருந்ததைச் சில வாரங்கள் கழித்தே கவனித்தேன். உலகம் அடிக்கடி கலைந்துபோன குழந்தைக்கு, போன வாரம் விட்டுப்போன பொம்மை இந்த வாரமும் அங்கேயே இருப்பது எவ்வளவு பெரிய செய்தி என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. முதல் மதிப்பீட்டுக்கு 2,500 ரூபாய், 50 நிமிட அமர்வு ஒன்றுக்கு 1,200 ரூபாய் வாங்கினார்கள்.

முதல் இரண்டு சந்திப்புகளுக்குக் குழந்தையை அழைத்து வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவர்களின் விதி. இந்த ஒன்றுக்காகவே இவர்களை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு முன்பு வேறோர் இடத்தில், அவள் பக்கத்தில் நிற்கும்போதே, "எந்த வயசுல எடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். இங்கேயும் மூன்றாவது வாரம் வரவேற்பில் இருந்த பெண் அதே தவற்றைச் செய்தார். ஆலோசகரிடம் முறையிட்டதும் அந்தப் பெண்ணே வந்து வருத்தம் தெரிவித்தார், பிறகு அப்படி நடக்கவில்லை.

அந்த இரண்டு சந்திப்புகளில் நாங்கள் குறைகளாக நினைத்தவற்றையும் நிறைகளாக நினைத்தவற்றையும் ஆலோசகர் ஒரே நூலில் கோத்துக் காட்டினார். அழாமல் இருப்பதும், எல்லோரிடமும் போவதும், இட்லியை ஒளிப்பதும், 'எனக்கென்று ஒருவர் கடைசிவரை இருப்பார்' என்ற நம்பிக்கை ஏற்படாத குழந்தை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் வழிகள் என்றார். ருமேனியாவில் 1989இல் ஆட்சி கவிழ்ந்த பின் அங்கிருந்து இங்கிலாந்துக்குத் தத்துச் சென்ற 165 குழந்தைகளை பிரிட்டனின் குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் தலைமையிலான குழுவினர் வாலிப வயதுவரை தொடர்ந்து கவனித்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். காப்பகத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்த குழந்தைகளிடம், உடல் தேறிய பிறகும், அந்நியரிடம் தயக்கமின்றி ஒட்டிக்கொள்ளும் இயல்பு நெடுங்காலம் நீடித்ததாம். நாங்கள் சமத்து என்று மெச்சிய ஒன்று ஒரு காயத்தின் தழும்பு என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நம்பிக்கைக்கான சான்றையும் அவரே தந்தார். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் மனநோய் என்று பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அன்பும் திறமையும் கொண்ட பெரியவர்களாக ஆனார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, பெற்றோராகவோ பாட்டியாகவோ ஆசிரியராகவோ நிலையாக உடனிருந்த ஒரு பெரியவரின் பிணைப்பு. இப்படி இடர்களிலிருந்து மீண்டு வளர்வதைக் குறிக்கும் மீள்திறன் என்ற சொல்லை அன்றுவரை நான் நெஞ்சுரம் என்ற பொருளில்தான் புரிந்துவைத்திருந்தேன். என் மகளிடம் நெஞ்சுரத்துக்குப் பஞ்சமே இல்லை, தேவைக்கு மேலேயே இருந்தது. வலிக்கும்போது ஒருவரிடம் ஓடிவரும் பழக்கம்தான் அவளிடம் இல்லை. அதை வளர்ப்பதுதான் இந்தச் சிகிச்சையின் நோக்கம் என்றார் ஆலோசகர். அந்தப் பயிற்சியில் பெரும் பகுதி எனக்கும் என் கணவருக்கும்தான் நடந்தது.

வீட்டுப்பாடமாக எங்களுக்குக் கொடுத்தது 'தனி நேரம்'. நாள்தோறும் மாலையில் 15 நிமிடம், கைப்பேசியைத் தொடாமல், பாயில் அவளோடு உட்கார வேண்டும். என்ன விளையாடுவது என்பதை அவள் முடிவுசெய்வாள். நாம் கேள்வி கேட்கக்கூடாது, சொல்லிக்கொடுக்கக்கூடாது, பார்த்ததை மட்டும் சொல்லலாம். எளிதாகத் தோன்றும் இதைச் செய்யும்போதுதான் அருமை தெரியும். முதல் வாரம் அவள் சொப்பில் சோறு ஆக்கியபோது, "உப்புப் போட்டியா? இது என்ன நிறம்?" என்றெல்லாம் என் வாயிலிருந்து கேள்விகளாகவே வந்தன. மையத்தில் கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்த ஆலோசகர், நான் 12 நிமிடத்தில் 23 கேள்விகள் கேட்டதாக எண்ணிச் சொன்னார். மெல்ல மெல்ல, "பாப்பா சோத்தை மூடி வைக்கிறா", "குழந்தைப் பொம்மைக்கு இன்னைக்கும் சோறு இல்லை, அதுக்கு ரொம்பப் பசிக்குமே" என்று சொல்லப் பழகினேன். பல வாரங்களாக அந்தக் குழந்தைப் பொம்மை பட்டினியாகவே தூங்கியது. அக்டோபரில் ஒரு நாள், அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு கரண்டி சோறு ஊட்டினாள். அன்றிரவு நான் குறிப்பேட்டில் எழுதியது அந்த ஒரு வரி மட்டும்தான்.

ஒளித்துவைக்கும் இட்லிக்கு அவர்கள் சொன்ன வழி, மூடியில் அவள் படம் ஒட்டிய எவர்சில்வர் டப்பா ஒன்று. கடலை மிட்டாய், முறுக்கு, வாழைப்பழம் என்று எது வைத்தாலும் அது அவளுடையது, கேட்காமல் எடுக்கலாம், தீர்வதற்கு முன்பே நாங்கள் நிரப்பிவிட வேண்டும், தண்டனையாக ஒருபோதும் அதைப் பறிக்கக்கூடாது. "சாப்பாட்டு நேரத்துல வயிறு கெட்டுப்போகுமே" என்று என் மாமியார் கவலைப்பட்டார். கெட்டுத்தான் போனது, ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு. முதல் வாரத்தில் ஒரே நாளில் நான்கு முறை நிரப்பினோம். பின்னர் இரண்டு முறை, பின்னர் ஒரு முறை என்று குறைந்து, தீபாவளிக்குப் பிறகு வைத்த முறுக்கு நமத்துப்போகும்வரை அப்படியே கிடந்தது. இப்போதும் அந்த டப்பாவை எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை.

எல்லோரிடமும் போகும் பழக்கத்தைச் சரிசெய்வதுதான் குடும்பத்துக்குள் கடினமாக இருந்தது. சில மாதங்களுக்குச் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, அடிபட்டால் தூக்குவது ஆகிய மூன்றையும் அம்மாவும் அப்பாவும் மட்டுமே செய்ய வேண்டும், மற்றவர்கள் விளையாடலாம், கதை சொல்லலாம், ஆனால் குழந்தை ஏதாவது கேட்டு வந்தால் "அம்மாகிட்ட கேளு தங்கம்" என்று அனுப்பிவைக்க வேண்டும் என்றார்கள். பேத்தியைத் தூக்கிச் சோறு ஊட்டுவதே தன் நாளின் மகிழ்ச்சி என்றிருந்த மாமியாருக்கு இது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவரை ஒரு நாள் மையத்துக்கு அழைத்து வரும்படி ஆலோசகர் சொன்னார், அந்த அமர்வுக்குக் கட்டணமும் வாங்கவில்லை. "நாற்று நடும்போது முதல்ல ஒரு இடத்துல வேர் பிடிக்க விடுவீங்க இல்லையாம்மா, தினம் தினம் பிடுங்கி வேற வயல்ல நடமாட்டீங்க இல்லையா" என்று அவர் கேட்டபோது, காவிரிப் பாசனத்தில் நடவு நட்டே வளர்ந்த என் மாமியார் தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது பேருந்தில், "அப்பாயி இருக்கேன், ஆனா சோறு அம்மாதான் ஊட்டுவா" என்று அவராகவே பேத்தியிடம் சொன்னார். சேவையின் தரத்தை எதை வைத்து அளப்பீர்கள் என்று என்னைக் கேட்டால், எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் பொருந்தும்படி பேசத் தெரிந்த அந்த அரை மணி நேரத்தைத்தான் முதலில் சொல்வேன்.

இனிக் குறைகள். நவம்பரில், பதினேழாவது அமர்வுக்குப் போனபோது அதுவரை அவளோடு இருந்த ஆலோசகர் இல்லை. வேறு ஊருக்குச் சென்றுவிட்டார், இனிமேல் புதியவர் பார்ப்பார் என்று வாசலில் வைத்துச் சொன்னார்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. மனிதர்கள் சொல்லாமல் மறைந்துபோவதையே மீண்டும் மீண்டும் கண்ட ஒரு குழந்தைக்கு, அந்தக் காயத்தை ஆற்றுவதற்காக வந்த இடத்திலேயே அது நடந்தது. என் மகள் புதியவரைப் பார்த்துச் சிரித்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு அப்போது தெரிந்திருந்ததால் நெஞ்சு கொதித்தது. அன்றிரவு படுக்கையை நனைத்தாள். மறுபடியும் அலமாரியில் பிஸ்கட் ஒளிந்தது. நான் எழுத்து மூலம் முறையிட்ட பிறகு நிர்வாகி வருத்தம் தெரிவித்து, முந்தைய ஆலோசகர் காணொளியில் வந்து அவளிடம் விடைபெற ஏற்பாடு செய்தார். ஐந்து நிமிடம்தான் பேசினார்கள். என்றாலும் அது நடந்திராவிட்டால் நான் அத்தோடு நிறுத்தியிருப்பேன். இத்தகைய இடத்தில் சேரும் முன், "ஆலோசகர் மாற நேர்ந்தால் எத்தனை வாரம் முன்பே குழந்தைக்குச் சொல்வீர்கள்?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புதியவர் தொடக்கத்தில் நட்சத்திர அட்டவணை ஒன்றைக் கொடுத்தார். சொன்ன பேச்சைக் கேட்டால் ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் பரிசு. வேறு குழந்தைகளுக்கு இது பயன்படலாம். என் மகளோ நட்சத்திரம் கிடைக்காத நாளில், "என்னைத் திரும்ப அனுப்பிருவீங்களா?" என்று கேட்டாள். அன்பை அவள் சம்பாதிக்க வேண்டியதில்லை என்று ஐந்து மாதமாகச் சொல்லிவந்ததை ஒரு தாள் ஆட்டிவைத்துவிட்டது. மறுநாளே கிழித்துவிட்டோம். புதியவர் அதை ஏற்றுக்கொண்டு வழியை மாற்றிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். பிற்பாதியில் அவர் செய்த உதவி, குறிப்பாக வகுப்பாசிரியரிடம் நேரில் பேசி, தண்டனையாகத் தனியே வெளியே நிறுத்துவதற்குப் பதில் ஆசிரியரின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கச் செய்தது, பெரிது.

மதிப்பீட்டு அறிக்கை 11 பக்கம், முழுவதும் ஆங்கிலத்தில். என் கணவர் அகராதியோடு உட்கார்ந்தார். தமிழில் கேட்டபோது, வாய்மொழியாக விளக்குவோம் என்றார்கள். தமிழ்நாட்டின் நடுவில் தமிழ்க் குடும்பங்களுக்காக நடக்கும் ஒரு மையத்தில் இது சரியல்ல. மழைக்காலத்தில் இணையவழி அமர்வுகள் மூன்று நடத்தினார்கள், அவற்றுக்கும் முழுக் கட்டணம். ஏழு வயதுக் குழந்தைக்குத் திரையில் மணல் இல்லை, அதனால் எந்தப் பயனும் இல்லை.

செலவைக் கூட்டிப் பார்த்தால் பேருந்து, ஆட்டோ எல்லாம் சேர்த்து 50,000 ரூபாயைக் கடந்துவிட்டது. எல்லோராலும் இது முடியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் குழந்தைகளையும் பார்க்கிறார்கள், கட்டணம் இல்லை. 14416 என்ற எண்ணில், டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையோடு, எந்நேரமும் தமிழில் பேசலாம். படுக்கை நனைந்த அந்த வாரத்தில் நான் அதில்தான் பேசினேன், பொறுமையாகக் கேட்டார்கள். தனியார் மையத்துக்குச் செல்வோர், பலகையில் மருத்துவ உளவியலாளர் என்று எழுதியிருந்தால் அத்தகையோரைப் பதிவுசெய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். முறையாகப் படித்தவர்கள் அதைக் காட்டத் தயங்கமாட்டார்கள். மூன்று மாதத்தில் குழந்தையை மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்பவர்களையும், குழந்தையை உள்ளே வைத்துக்கொண்டு பெற்றோரை வெளியிலேயே நிறுத்துபவர்களையும் தவிர்த்துவிடலாம்.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு நிகழ்ச்சி. பிப்ரவரியில் ஒரு மாலை, நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் சைக்கிளிலிருந்து விழுந்த மகள் எழுந்து வந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, மண் ஒட்டிய இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது. வாசலில் அப்பாயி உட்கார்ந்திருந்தார், பக்கத்து வீட்டு அக்கா கோலப்பொடி சலித்துக்கொண்டிருந்தார். அவர்கள் இருவரையும் கடந்து, கூடத்தைக் கடந்து, அடுப்படியைக் கடந்து என்னிடம் வந்து நின்று, "அம்மா, வலிக்குது" என்றாள். உதடு நடுங்கியது. பிறகு வீடே கேட்கும்படி அழுதாள். சோப்புக் கையோடு அவளைத் தூக்கிக்கொண்டேன். வாசலிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது: "அழட்டும் விடு, அழட்டும்."

அவளிடம் இன்னும் சரியாகாதவை உண்டு. இரவில் விளக்கை அணைக்க முடியாது, பள்ளியில் ஆசிரியர் மாறினால் ஒரு வாரம் ஆட்டம் காண்கிறாள், கணக்கில் பின்தங்கியிருக்கிறாள். எட்டு வயதில் சரியானது பன்னிரண்டில் மறுபடி தலைதூக்கலாம், அப்போது மீண்டும் வாருங்கள் என்று மையத்தில் சொல்லியிருக்கிறார்கள். இம்முறை விடைபெறுவதை ஒழுங்காகச் செய்தார்கள். கடைசி அமர்வுக்கு ஐந்து வாரம் முன்பே ஒரு தாளில் ஐந்து கட்டம் வரைந்து, வாரம் ஒன்றாக அவளே வண்ணம் தீட்டினாள். கடைசி நாளன்று மணல் தட்டில் ஒரு வீடு கட்டி, அதைக் கலைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம், ஆனால் தட்டை அடுத்த குழந்தைக்காகச் சமன்செய்துதான் ஆக வேண்டும் என்று ஆலோசகர் உண்மையைச் சொன்னார். அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, குழந்தைப் பொம்மையை மட்டும் வீட்டுக்குள்ளிருந்து எடுத்து அலமாரியில் அதன் இடத்தில் வைத்தாள். பிறகு தன் கையாலேயே மணலைச் சமன்செய்தாள்.

சேர விரும்புவோருக்கு ஒரு செய்தி: மாலை நேரங்களுக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணி அமர்வு எளிதில் கிடைக்கிறது, குழந்தையும் களைப்பில்லாமல் இருக்கும்.